எல்லா லினக்ஸிலும் ஏறும்

"சீக்கிரம் ஏத்துங்க சார், லாரி நிக்குது" என்றாள் எடைமேடையில் வேலை பார்க்கும் சௌந்திரம்.

ஜெபஸ்டின் எடைமேடைக் கணினியில் அதே கட்டளையை மறுபடியும் அடித்தான். அப்படி ஒரு கட்டளையே இங்கு இல்லை என்றது திரை.

ஜவ்வரிசி ஆலைகளின் எடைமேடைக்கு மென்பொருள் நிறுவித் தருவது அவன் பிழைப்பு. எல்லா லினக்ஸிலும் ஏறும் என்று ஆலைக்காரர்கள் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லியிருந்தான். அதுவரை அவன் ஏற்றிப் பார்த்ததெல்லாம் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான உபுண்டுவில். ராசிபுரத்துக்குப் பக்கத்திலிருந்த இந்த ஆலையில் இருந்ததோ ஃபெடோரா என்ற இன்னொரு வகை. ஏற்றும் கட்டளையும் வேறு, ஏற்ற வேண்டிய மென்பொருள் பொதியும் வேறு. சேலத்துக்குத் திரும்பிப் போய் இதற்கென்று ஒன்று தயாரித்து வந்திருக்கலாம். மைக்கில் பேசியது விடவில்லை. தன் மடிக்கணினியின் அடிப்படைக் கோப்புகளை எடுத்து இதன் கோப்புகள்மேல் அப்படியே போட்டான்.

அதன்பின் எதுவும் ஓடவில்லை. பழைய எடை நிரலும்கூட.

லாரி ஓட்டுநர் சின்னுசாமி சன்னலில் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, செத்துப்போச்சுங்களா, இல்ல மயக்கந்தானுங்களா? கெழங்கு வெயில்ல வேகுது."

சத்தம் கேட்டு முதலாளி ஜெகதீஸ்வரன் வந்தார். "என்ன தம்பி?"

"யாரோ முன்னாடியே உள்ள எதையோ மாத்தி வச்சிருக்காங்க சார்."

வாய் சொல்லிவிட்டது. அந்த நாற்காலியில் உட்காருவது சௌந்திரம் ஒருத்திதான் என்பது பிறகுதான் உறைத்தது. மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தபடியே கணினி படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, பாட்டுக்கீட்டு ஏத்துனியா?"

"நானு ஒண்ணுந் தொடலீங்க."

"அப்பறம் தானா கெட்டுப்போச்சா? போ, பழையபடி கெழங்கு உரி."

அவள் ஜெபஸ்டினைப் பார்த்தாள். அவன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். போகும்போது, அவனுக்காக வாங்கி வைத்திருந்த டீத் தம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"டீ ஆறுதுங்க சார்."

குடித்தான்.

மறுநாள் காலை வந்து ஃபெடோராவைப் புதிதாக நிறுவினான். வேண்டியதையெல்லாம் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு எந்த லினக்ஸிலும் ஓடும் ஒரே பொதியாக மென்பொருளைக் கட்டிக் கொண்டுவந்திருந்தான். ஏறியது. முதலாளி அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, கெடுத்தது தான்தான் என்றான்.

"இப்ப ஓடுதில்ல, உடுங்க" என்றார் அவர். "அந்த எடத்துக்கு மச்சான் பையனை வரச் சொல்லியாச்சு."

வெளியே போகும் வழி கொட்டகையை ஒட்டியே இருந்தது. சௌந்திரம் தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏறிருச்சுங்களா?"

"ஏறிருச்சுங்க."

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். அவன் சேலம் பேருந்துக்கு நடந்தான்.