நல்ல மீன்தானே, சாப்பிடுங்க

ஊர் திரும்பியபின் இதை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். அக்கா அழுதாள். டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் கண், காது, மூக்கு எதுவும் வைத்துச் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு பெரிய ஏரிக்கு என்னை அனுப்பினார்கள். ஏரிக்கு மேலே மேட்டில் முன்பு குழல்விளக்குத் தொழிற்சாலை இருந்தது. மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அங்கிருந்து வழிந்த பாதரசம் மீன்களில் இன்னும் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். பாதரசத்தின் குணமே அதுதான். சேற்றிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து சின்ன மீனுக்கு, சின்ன மீனை விழுங்கும் பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாது. கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

படகுக்காரருக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை. என் சட்டையிலிருந்த துறை முத்திரையை முறைத்தார்.

"மறுபடியும் வந்துட்டீங்களா?"

"நான் இப்பதாங்க முதல் தடவையா வரேன்."

"ஆள் வேற. சட்டை அதேதானே."

அதோடு பேச்சு முடிந்தது. வலையில் கொழுத்த விரால்கள் விழுந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் எண் எழுதிய மஞ்சள் அட்டையைக் கட்டினேன். ஐஸ் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மாலை ஆறேகால் இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. துடுப்புப் போட்டு எதிர்க்கரையில் ஒதுங்கினோம். "டீசல் வாங்கிட்டு வரேன்" என்று படகுக்காரர் கேனோடு இறங்கிப் போனார்.

மழை வலுத்தது. அப்போதுதான் மேட்டில் ஒரு வீடு தெரிந்தது. மஞ்சள் வெளிச்சம். வாசலில் ஒரு பெண்.

"வாங்க மேடம்… நனையறீங்களே."

நாக்கு தடித்தவள் பேசுவதுபோல் இருந்தது குரல். சோதனைக்கு எடுத்த மாதிரியை விட்டு நாங்கள் நகரக்கூடாது. பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன்.

தகரக் கூரை. வெளியே அடைமழை. ஆனால் உள்ளே… மழைச் சத்தமே கேட்கவில்லை.

மேஜையருகே அவள் கணவனும் ஒரு சின்னப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான். வாய் எங்கே என்று கைக்குத் தெரியவில்லை. தண்ணீர் முகவாயில் வழிந்தது. குழந்தையின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் பார்க்கவில்லை. நேர் எதிரே வந்ததும்தான் திடுக்கிட்டாள். மூலையில் ஒரு பூனை ஒரே இடத்தில் சுற்றியது. விழுந்தது. எழுந்தது. மறுபடி சுற்றியது.

பாதரசம் ஏறியவர்கள் இப்படித்தான் ஆவார்கள் என்று படித்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை.

அவள் சுவரைத் தடவித் தடவி வந்து என் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். பொரித்த மீன். கை அப்படி நடுங்கியது.

மீனின் வாலில் மஞ்சள் அட்டை.

என் கையெழுத்து.

கழுத்தைத் தொட்டேன். சாவி இருந்தது. காலடியில் இருந்த பெட்டியைத் தூக்கினேன். காற்றுப்போல் லேசாக இருந்தது…

"எனக்கு மீன் ஒத்துக்காதுங்க. சின்ன வயசிலிருந்தே."

"அன்னிக்கு சாப்பிட்டீங்களே."

"நான் இல்ல…"

"எங்க முன்னாடி நின்னு சாப்பிட்டீங்க. நல்ல மீன்னு சொன்னீங்க. என் பொண்ணு கைதட்டினா."

கணவன் எழுந்தான். குழந்தையும் எழுந்தாள்.

அவள் ஒரு துண்டைப் பிய்த்தாள். என் வாயருகே கொண்டு வந்தாள். அந்தக் கணம் அவள் கை நடுக்கம் நின்றுவிட்டது.

"வாயைத் தொறங்க."

பல்லைக் கடித்தேன்.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை… என் மூக்கைப் பொத்தியது. சேறுபோல் சில்லென்று…

மூச்சு முட்டியது…

வாய் திறந்தது.

தண்ணீர்.

கழுத்தளவு ஏரியில் நின்றிருந்தேன். படகுக்காரர் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்.

"சாவறதுக்கு என் படகுதான் கிடைச்சுதா?"

"அந்த வீட்டுல…"

டார்ச்சைத் திருப்பினார். இடிந்த சுவர். கூரையே இல்லை. பெட்டி படகிலேயே இருந்தது, பூட்டியபடி. திறந்தேன். எல்லா மீனும் இருந்தன. ஒன்றின் வயிற்றில் மட்டும் ஒரு வாய் சதை இல்லை.

நான் கண்டதைச் சொன்னேன். படகுக்காரர் டார்ச்சை அணைத்தார்.

"தொழிற்சாலை மூடின வருஷம் உங்க துறை ஆள் ஒருத்தர் வந்தாரு. ஊர் முன்னாடி மீனைத் தின்னு காட்டினாரு. பயப்படாதீங்கன்னாரு. இவங்க நம்பினாங்க. முதல்ல பூனை போச்சு. அப்புறம் பொண்ணு. அப்புறம் ரெண்டு பேரும்."

"அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"அவர் தின்னது டவுன்ல வாங்கிட்டு வந்த கடல் மீன்."

மீன் உண்ண உகந்ததல்ல என்று அறிக்கை கொடுத்தேன். கரையில் பலகை வைத்தார்கள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து என் உதடு மரத்தது. விரல் நுனிகளில் ஊசி குத்தியது. கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் தோழி என் தலைமுடியை வெட்டிச் சோதித்தாள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். எந்த மாதம் உடம்பில் பாதரசம் ஏறியது என்று முடியே சொல்லிவிடும்.

நுனியிலிருந்து பாதிக்கு மேல் சுத்தம். ஏரிக்குப் போன மாதத்தில் பாதரசம் தொடங்கியிருந்தது.

"ஒரு வாய் மீன்தான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "ஒரு வாய்னா அப்புறம் இறங்கிக்கிட்டே வந்திருக்கணும். இது ஏறிக்கிட்டே இருக்கு. பொய் சொல்லாத… நீ தினமும் சாப்பிடற."

ஏரி இங்கிருந்து ஒரு பகல் ரயில் பயணம். என் வீட்டுக்குள் மீன் வந்ததே இல்லை.

இருப்பதிலேயே அதிகமான அளவு, வேரை ஒட்டிய முடியில். அது போன வாரம் முளைத்தது.