நடுப்பாட்டுக்காரர் தேடிய இசைத்தட்டு

ஒரு பாட்டை முழுதாகக் கேட்பது வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அவருடைய கட்சி. பாட்டுக்கு நடுவே பாடகர் மூச்சு வாங்க ஒதுங்குவார் இல்லையா, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று அவர் மனதார நம்பினார். அதனால் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடைக்காரர் அவருக்கு நடுப்பாட்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார். அவருக்குச் சொந்தப் பெயரும் ஒன்று இருந்தது. குளிர்பான ஆலையில் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும் அதைப் பயன்படுத்தினார்கள்.

அமெரிக்காவில் கன்ட்ரி பாட்டு என்று ஒரு வகை உண்டு. லாரி, ரயில், மழை, சாராயம், விட்டுப்போன மனைவி, இவற்றில் ஏதாவது மூன்று சேர்ந்தால் ஒரு பாட்டு தயார். நடுப்பாட்டுக்காரருக்கு இதில் எதன் மேலும் அக்கறை கிடையாது. அவருக்கு வேண்டியது பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். அந்த ஆளுக்கு முன்னால் ஒரு கிடார் கால்கள் வைத்து, மேசை மாதிரி மல்லாந்து கிடக்கும். ஒரு கையால் இரும்புத் துண்டைக் கம்பிகளின் மேல் நகர்த்தி, மறு கையால் மீட்டி, காலால் பெடலை மிதித்து, முழங்காலால் இன்னொரு நெம்புகோலைத் தள்ளி வாசிக்க வேண்டும். அதற்குப் பெடல் ஸ்டீல் கிடார் என்று பெயர். அதில் சுரம் தாவாது. அழப்போகிறவர்களின் குரல் போல வழுக்கிக்கொண்டே போகும். அந்தக் கருவியின் படம் ஒன்றை அவர் பெருமையோடு மனைவியிடம் காட்டினார். மனைவி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவர்.

“கையால தள்ளணும், காலால மிதிக்கணும், நாள் முழுக்க குனிஞ்சு உக்காரணும். இதைத்தானே நான் பண்றேன்? என்னை ஒருத்தரும் ரெக்கார்டு போட வரலையே” என்றார் அந்த அம்மாள்.

ஆரம்பம் இப்படி. அவர் ஆலையில் பிட்டராகச் சேர்ந்த புதிது. பாட்டில் நிரப்பும் கூடத்தில் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் திட்டினால்கூட வாயசைவைப் பார்த்துத்தான் கோபப்பட வேண்டும். ஒரு நாள் மின்சாரம் போனது. கூடம் முழுக்க திடீரென்று அமைதி. ஸ்டோர் ரூமில் யாரோ வைத்திருந்த பேட்டரி ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பிச் சத்தம் மேலே ஏறியது. உச்சியைத் தொடப்போகிறது என்று நினைக்கும்போது தொடாமல் நின்று, கொஞ்சம் தயங்கி, வேறொரு வழியாகச் சரிந்தது. கையில் ஸ்பேனரோடு அவர் அப்படியே நின்றுவிட்டார். மறு நிமிடம் ஜெனரேட்டர் ஓடியது, பாட்டில்கள் தங்கள் சண்டையைத் தொடர்ந்தன, யார் பாட்டு, என்ன பாட்டு என்று அறிவிப்பாளர் சொன்னதெல்லாம் போயே போய்விட்டது. பாட்டு வெட்டுப்பட்டதால், தான் கேட்டது பாட்டின் நடுப்பகுதி என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். மனிதர் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக வேறு எந்த முடிவும் எடுத்ததில்லை.

அன்றிலிருந்து வேட்டைதான். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும்போது கடைக்காரருக்கு முன்னால் இவர் நிற்பார். தட்டைச் சுழலவிட்டு, ஒவ்வொரு பாட்டின் இடுப்பிலும் ஊசியை இறக்குவார். பாடகர் ஒதுங்குவார், ஸ்டீல் பேசும், பாடகர் திரும்ப வருவார். வந்ததும் ஊசியைத் தூக்கிவிடுவார். எத்தனையோ பாடகர்கள் அவர் வீட்டில் வாயைத் திறந்ததும் விரட்டப்பட்டார்கள். உலகப்புகழ் பெற்றவர்களுக்கும் அதே மரியாதைதான்.

“ஏன் சார், அந்த ஆள் பாவம் நல்லாத்தானே பாடறான்?” என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டார்.

“பாடட்டும். யாரு வேண்டாம்னா? நான் இல்லாதப்ப பாடட்டும்.”

உறைகளைப் பார்த்துத் தேடலாம் என்றால் அதுவும் நடக்காது. உறையில் பாடகரின் தொப்பி, பல், பூட்ஸ் எல்லாம் பளபளவென்று இருக்கும். பல தட்டுகளில் ஸ்டீல் வாசித்தவர் பெயர் எறும்பு அளவுக்குக்கூட இருக்காது. வேறொரு ஊரில் வேலை பார்க்கும் மகள் உதவிக்கு வந்தாள். அந்தப் பாட்டு தெரியுமா என்று இணையத்தில் இருக்கும் ரசிகர் கூட்டங்களிடம் விசாரித்தாள். யார் பாடியது, எந்த வருஷம், முதல் வரி என்ன என்று அவர்கள் நியாயமாகத்தான் கேட்டார்கள்.

“ஆணா பொண்ணாவாவது தெரியுமாப்பா?”

“யாரு?”

“பாடினவங்க!”

“அதை யாரு கவனிச்சா” என்றார் அப்பா.

மகள் விடவில்லை. போனில் வாயால் பாடிக் காட்டினால் எந்தப் பாட்டு என்று அதுவே கண்டுபிடித்துச் சொல்லும் என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி, உருகி உருகிப் பாடினார். போன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சோப்பு விளம்பரம் என்றது. மனைவி மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஒரு காலர் கோணலாகிவிட்டது. அந்தப் பழியையும் கணவர் தலையில்தான் கட்டினார்.

ஆனாலும் அந்த அம்மாளுக்கு அந்த மெட்டு மனப்பாடம். முகம் மழிக்கும்போதும் குழாயடியில் நிற்கும்போதும் மனிதர் அதையே முனகினால் பாவம் கட்டியவள் என்ன செய்வாள்? கட்டிக்கொண்டதில் அதுவும் சேர்த்தி.

இப்படியே தலை நரைத்தது. பிறகு வீட்டில் இருந்த நல்ல தட்டுகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போக ஆரம்பித்தன. ஸ்டீல் மேலே ஏறுகிற இடங்கள் மங்கின. உச்சிக்குப் பக்கத்தில் போனதும் ஒன்றுமே இல்லை, பிறகு கீழே வந்ததும் மறுபடி கேட்டது. நடுப்பாட்டுக்காரர் ஊசியை மாற்றினார். ஒயரை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். தையல் மெஷினின் அதிர்வுதான் காரணம் என்று மெஷினைச் சன்னல் பக்கம் தள்ளிப் போடச் சொல்லி ஒரு வாரம் சண்டை பிடித்தார். காதைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்.

ஆலையில் காதுக்கு வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்துத்தான் இருந்தார்கள். மெத்தென்று, தரமான சரக்கு. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டு சுழலும்போது அதிராமல் இருக்கட்டும் என்று பிளேயரின் கால்களுக்கு அடியில் வைத்திருந்தார். இசைக்காக மனிதர் செய்யாத தியாகமே இல்லை.

கடைசியில் ஆலையே அவரைக் காது டாக்டரிடம் அனுப்பியது. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுப்பாட்டுக்காரர் கெட்டிக்காரர். கண்ணாடிக்கு அப்பால் டாக்டரின் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய முகத்தோடு வெளியே வந்தார்.

“கடைசியில நான் சத்தமே கொடுக்கல சார், எழுதிக்கிட்டு இருந்தேன். அப்பவும் அழுத்தினீங்க” என்றார் டாக்டர்.

மேல் சத்தங்கள் முதலில் போகும், குருவி, மணி, குழந்தைகளின் கீச்சுக்குரல் என்று டாக்டர் அடுக்கினார். போனது திரும்பாது, இருப்பதும் மெதுவாகக் குறையும் என்றார். கருவி வைத்துக்கொண்டால் பேச்சு புரியும் என்றார்.

“கிடார்?” என்று இவர் கேட்டார்.

டாக்டர் அதுவரை அப்படி ஒரு கேள்வியைச் சந்தித்ததில்லை. “மேல இருக்கிற சுரம் கஷ்டந்தான்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. காது சுத்தமாக இருக்கிறதாம் என்றார். மனைவியும் நம்பினார். கட்டிய கணவனுக்குக் காது கேட்கவில்லை என்று ஒரு மனைவி கண்டுபிடிப்பது லேசான காரியமா? காய் வாங்கி வாருங்கள் என்றால் காதில் வாங்காமல் உட்கார்ந்திருப்பது அந்த வீட்டில் புதுசு இல்லை. ஆனால் நடுப்பாட்டுக்காரருக்கு ஒரே நினைப்புதான். அந்தச் சத்தம் முழுதாகக் கைவிட்டுப் போவதற்குள் அதை இன்னொருமுறை கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் அத்தனை வருஷமும் தான் எதைத் தேடினோம் என்பதே பொய்யாகிவிடும் என்று பயந்தார்.

அந்தச் சமயம் பார்த்துக் கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். மூடிவிட்ட வானொலி நிலையம் ஒன்றிலிருந்து இசைத்தட்டுகள் மொத்தமாக வந்திருந்தன. எந்த நிலையம் என்று கேட்டதும் நடுப்பாட்டுக்காரர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர் ரூம் ரேடியோவில் அன்று பாடிக்கொண்டிருந்தது அதே நிலையம்தான்.

கன்ட்ரி என்று எழுதியிருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். ஆலை விட்டு வந்ததும் உட்காருவார். ஊசியை இடுப்பில் இறக்குவார், கேட்பார், தூக்குவார். காது கெட்டுவிட்ட பயத்தில் அவசரம் வேறு சேர்ந்துகொண்டது. ஒதுக்கிய தட்டுகள் துணி வெட்டும் மேசைக்கு அடியில் குவிந்தன. ஒதுக்காமல் மிஞ்சியது ஒன்றுமில்லை. கடைசி இசைத்தட்டையும் ஒதுக்கிய அன்று சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மனைவி பின்னாலேயே போய்ப் பார்த்தார். மனிதர் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார், முனகவில்லை. அந்த அம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அந்த அம்மாள் பிளேயரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். ஒதுக்கிய குவியலிலிருந்து ஒவ்வொரு தட்டாக எடுத்துப் போட்டார். துணியில் இரண்டு கையும் மாட்டியிருக்கும்போது ஊசியைத் தூக்க யார் எழுந்திருப்பது? போட்ட தட்டு முதலிலிருந்து கடைசிவரை ஓடியது. இத்தனை வருஷம் விரட்டப்பட்ட பாடகர்களெல்லாம் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் வாயாரப் பாடினார்கள். ஒருத்தனுக்கு ரயில் போய்விட்டது, ஒருத்திக்குப் புருஷன் போய்விட்டான். பாஷை பாதிதான் புரிந்தது, சங்கதி நன்றாகவே புரிந்தது. இதையே நாலைந்து நாள் செய்தார். ஒரு பிற்பகல், ஒரு பாட்டு முடியப்போகும் நேரத்தில், பாடகன் கடைசி வரிகளைப் பாடிக்கொண்டிருக்கும்போதே அவன் குரலுக்கு மேலே மெல்லிசாக ஒன்று ஏறியது. உச்சியைத் தொடாமல் நின்றது. தயங்கியது. சரிந்தது.

மெஷின் நின்றுவிட்டது. “அட பாவி மனுஷா, பாட்டோட வால்லயா இருந்துச்சு?” என்று அந்த அம்மாள் வாய்விட்டே சொன்னார்.

அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்த அம்மாள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். திட்டவேண்டியதை எல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஆனால் முதலில் கேட்கட்டும் என்று தட்டைப் போட்டார். நடுப்பாட்டுக்காரர் முன்னால் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். பாடகன் பாடினான். கடைசி வரிகள் வந்தன. அந்த அம்மாள் தட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது, ஏறியது, நின்றது, சரிந்தது. அவர் முகம் அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. “எங்க?” என்றார்.

அந்த அம்மாள் மறுபடி போட்டார். சத்தத்தைக் கூட்டினார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். அந்த இடம் வந்ததும் “இதோ” என்று அவர் தோளைத் தட்டினார். நடுப்பாட்டுக்காரர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

“அவன் பாடறது மட்டுந்தான் கேக்குது” என்றார். “மேல போறது எனக்குக் கேக்காது. டாக்டர் சொல்லிட்டாரு. உன்கிட்டதான் பொய் சொன்னேன்.”

அடுக்கி வைத்திருந்த திட்டெல்லாம் அந்த அம்மாளுக்கு மறந்துபோனது. தாங்க முடியாத துக்கமாக இருந்தது. அதோடு, இவ்வளவு நாளாக நான் கூப்பிட்டதும் இந்த மனுஷனுக்குக் கேட்கவில்லையா என்றும் தோன்றியது. பிளேயரை நிறுத்தினார். நாற்காலியை அவர் காதுப்பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, அவருக்குக் கேட்கிற அந்தப் பாடகன் அளவுக்கு இறக்கி, அந்தக் கிடார் போன வழியிலேயே மெதுவாக முனகத் தொடங்கினார். குரல் கரகரத்தது, சுருதி எங்கேயோ போனது. ஏறினார், நின்றார், சரிந்தார்.

நடுப்பாட்டுக்காரருக்குக் கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஆனாலும் மனிதர் மனிதர்தான்.

“அந்த இடத்துல உடனே எறங்கக் கூடாது” என்றார். “கொஞ்சம் தயங்கணும்.”

சமையலிலோ தையலிலோ வாக்குவாதத்திலோ இதுவரை ஒருத்தர் சொல்லித் திருத்திக்கொண்ட பழக்கமே இல்லாத அந்த அம்மாள், சரி என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.