ஒன்பது பாட்டும் ஒரே வேகம்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அப்பா, நான், அம்மாவின் தம்பியான மாமா, அவருடைய கூட்டாளி டிரைவர் அண்ணன். பக்கத்து வீட்டு ஆடும் வந்தது. முதல் பாட்டிலேயே எழுந்து போய்விட்டது.

எங்கள் ஊரான மண்டபத்தில் மாமா ஒரு ராக் பேண்டு வைத்திருந்தார். ஊரே கேட்டுச் சலித்த பழைய சினிமாப் பாட்டுகள் ஒன்பதை, கிடாரும் டிரம்ஸுமாக மறுபடி பாடி சிடி போட்டிருந்தார். ஒருத்தர் நன்றாகப் பாடி வைத்ததை எதற்குத் திரும்பப் பாட வேண்டும் என்று கேட்டால், "இது வேற மாதிரில்ல" என்பார். என்ன வேறு என்று கடைசிவரை சொன்னதில்லை.

அவருக்குக் குவைத் விசா வந்திருந்தது. சிடியைக் கேட்டு அப்பா நல்லாயிருக்கு என்றால் மாமா ஊரிலேயே இருந்து பாடலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். நான் காலையிலிருந்தே பிளேயரைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விடுமா, சிடி சிக்கிக்கொள்ளுமா, அப்பா கத்துவாரா. முதுகுவலியால் கடலுக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து அவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்.

முதலில் காதல் பாட்டு, அடுத்தது தாலாட்டு, மூன்றாவது சோகம். மூன்றும் ஒரே வேகத்தில் டுபுடுபுவென்று ஓடின.

"எல்லாம் ஒரே பாட்டாடா?" என்றார் அம்மா.

மாமா, டிரம்ஸ் அடித்த டிரைவர் அண்ணனைப் பார்த்தார். "ஏலே, தாலாட்டுக்காவது மெதுவா அடின்னேன்ல."

"மெதுவாத்தான் ஆரம்பிச்சேன் மாப்ள. கை கேக்க மாட்டேங்குது." அவர் விசைப்படகில் இஞ்சின் ஓட்டுகிறவர். "ராப்பகலா இஞ்சின் பக்கத்துலயே கெடந்துட்டு வாரேன். கை அதையேதான் அடிக்கிது."

"அப்ப இஞ்சினையே தூக்கியாந்து ஒக்கார வச்சிருப்பேன்ல. ஒனக்கு பிரியாணி வேற."

நான் அப்பாவைப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவின் முகம் செத்துப்போனது. "இதுக்கு மேல என்னத்தச் சொல்லணும். விசாவுக்குச் சரின்னு சொல்லிரு அக்கா" என்று பிளேயரை அணைக்கப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்தார். "அணைக்காத. ஓடட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி போகிறானே என்ற வருத்தம் என்று நினைத்தேன். ஒன்பதும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

மாமா குவைத்துக்குப் போய்விட்டார். சிடி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. தினமும் படுக்கும்போது அம்மா அதைப் போட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

எத்தனையோ வருஷம் படகில் இஞ்சின் சத்தத்தில் தூங்கிப் பழகிய அப்பா, கரையில் தங்கிய பிறகு விடியும்வரை புரண்டுகொண்டே கிடப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்த மத்தியானம் அவர் குறட்டை விட்டதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.