அன்புச்செல்வனின் இடது கை

அன்புச்செல்வனை நான் முதலில் பார்த்தது எங்கள் பள்ளி ஆண்டு விழா மேடையில். இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன். பகலில் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மண்ணை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் மண்ணை அள்ளி மேலே போட வேண்டும். பதினோரு வருடம் அள்ளியதில் முதுகு போய்விட்டது. குனிந்தால் நிமிர்வதற்குச் சுவரைப் பிடிப்பான்.

அவனை எங்கள் பள்ளிக்கு இசை ஆசிரியராகக் கொண்டுவந்ததில் என் பங்கும் உண்டு. நான் அங்கே பி.டி. மாஸ்டர். தலைமையாசிரியை விஜயகுமாரி மேடம் ஒரு நிபந்தனையோடுதான் சேர்த்துக்கொண்டார். 2016 ஜூனுக்குள் இசையில் பட்டம் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் வேலை கிடையாது, திரும்பவும் பெல்ட்டுக்கு அடியில்தான்.

புதுச்சேரியில் ஒரு தனியார் இசைக் கல்லூரியில் சேர்ந்தான். சனி, ஞாயிறு வகுப்பு. வாரம் ஐந்து நாள் பள்ளி, இரண்டு நாள் கல்லூரி, திருவிழா வந்தால் கச்சேரி. மூன்று வருடமாக அந்த மனிதன் சரியாகத் தூங்கியதே பஸ்ஸில்தான். அவனுக்கு முக்கியப் பாடம் வாய்ப்பாட்டு. ஆனால் அந்தக் கல்லூரியில், பாட்டு படித்தாலும் புல்லாங்குழல் படித்தாலும் பியானோத் தேர்வில் தேறியாக வேண்டும். மூன்று முறை உட்காரலாம். மூன்றிலும் கோட்டை விட்டால் பட்டம் கிடையாது. பாடுகிறவனுக்குப் பியானோ எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. விதி போட்டவர்களுக்காவது புரிந்திருந்தால் சரி.

"அத வுடுங்க சார். பதினாலு வருசமா அதத்தான வாசிச்சிக்கினு இருக்கேன்" என்றான் அன்பு. மற்ற பாடங்களை விழுந்து விழுந்து படித்தான், இதை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் "அதானே" என்று தலையாட்டினேன். என்னையும் நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும்.

முதல் தேர்வில் ஒரு மெட்டைக் கொடுத்தார்கள். அழகாக வாசித்தான். "இதையே ஒன்றரைக் கட்டை சுருதி ஏத்தி வாசிங்க" என்றார் தேர்வாளர். அன்புவின் இடது கை சட்டென்று மேலே போனது. பியானோவின் மரப் பலகையைத் தடவியது.

"என்ன தேடறீங்க?"

அவன் தேடியது ஒரு பட்டனை. கீபோர்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அதைத் தட்டினால் சுருதி தானாக ஏறும், இறங்கும், விரல்கள் அதே இடத்தில் வாசித்துக்கொண்டிருக்கலாம். பாடகர் கட்டை மாற்றச் சொல்லும்போதெல்லாம் இடது கை பட்டனுக்குப் போகும், வேலை முடிந்துவிடும். பதினாலு வருடம் அவன் வாசித்ததெல்லாம் ஒரே சுருதியில், பெரும்பாலும் வெள்ளை கீயில். குழுக்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் பியானோவில் ஏது பட்டன்? வேறு சுருதி என்றால் விரல்கள்தான் வேறு வழியில் போக வேண்டும். அந்த வழி அவனுக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது தேர்வு. கை மறுபடி மேலே போனது.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். "முடியல சார். பெல்ட்டுக்கே போயிடறேன். அங்க யாரும் 'என்ன தேடறீங்க'ன்னு கேக்க மாட்டாங்க" என்றான். எனக்கு அழுகையாக வந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, டீ போட்டுக் கொடுத்தேன்.

அவன் மனைவி வெண்மதிக்கு வார்த்தை தேவைப்படவில்லை. குழாய் ஒழுகலுக்கு வாங்கி வைத்திருந்த எம்-சீலைப் பிசைந்து அவன் கீபோர்டின் அந்தப் பட்டன் மேல் அப்பிவிட்டாள்.

"ஏய், கச்சேரி இருக்குதுடி!"

"பரீட்ச பெருசா, கச்சேரி பெருசா? காயட்டும், தொடாத."

காய்ந்து கல்லாகிவிட்டது. அடுத்த வாரமே குறிஞ்சிப்பாடியில் கோயில் கச்சேரி. பாடகர் மருதமுத்துவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அரைக் கட்டை எறக்கிக்கோ" என்றார். அன்பு எம்-சீலைத் தடவினான். பிறகு கறுப்பு கீயில் தட்டுத் தடுமாறி, பாட்டைக் கந்தலாக்கினான். மருதமுத்து மைக்கிலேயே திட்டினார். அதற்குப் பிறகு குழுவிலிருந்து அழைப்பு வரவில்லை.

மூன்றாவது தேர்வுக்கு இருந்த எட்டு மாதமும் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய் கீபோர்டு முன்னால் உட்காருவான். ஒரு மெட்டு, பன்னிரண்டு சுருதி. ஒவ்வொன்றிலும் விரல் புதிதாகத் தடுமாற வேண்டும். முதுகுவலிக்கு வெண்மதி சுடுதண்ணீர் பாட்டில் வைப்பாள். "தேறுவியா?" என்று ஒருநாளும் கேட்கவில்லையாம். கேட்க அவளுக்கும் பயம்தான்.

மூன்றாவது தேர்வுக்கு நானும் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. மெட்டை வாசித்தான். தேர்வாளர் சுருதி மாற்றச் சொன்னார். கை மேலே போனது. எனக்கு உயிர் போய்விட்டது. மரத்தைத் தொட்டது, ஒரு நொடி அங்கேயே நின்றது, பிறகு இறங்கியது. மெதுவாக, நோயாளி நடப்பது போல வாசித்தான். ஆனால் ஒரு விரலும் தப்பவில்லை.

"தேறியாச்சு. ரொம்ப மெதுவா வாசிக்கிறீங்க" என்றார் தேர்வாளர்.

"அசதி சார்" என்றான் அன்பு.

வெளியே வந்தவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று போனேன். அதற்குள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வீட்டுக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன். "சாப்ட்டாரா சார்?" என்றாள் வெண்மதி.

ஜூனில் பள்ளி திறந்தது. சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்த மேடம், "சரி, நாளைக்கு பிரேயருக்கு நீங்கதான் வாசிக்கணும்" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

மறுநாள் காலை பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அன்பு உட்கார்ந்திருந்த பள்ளி கீபோர்டின் பட்டனில் எம்-சீல் ஏதும் இல்லை. முதல் வரியிலேயே சின்னப் பிள்ளைகளுக்குக் குரல் எட்டவில்லை, கீச்சிட்டார்கள். "சார், கொஞ்சம் எறக்குங்க" என்று மேடம் கை காட்டினார்.

நான் அவன் இடது கையையே பார்த்தேன். அது மேலே போகவில்லை. பாட்டு அரைக் கட்டை இறங்கி, பிள்ளைகள் நிம்மதியாகப் பாடினார்கள். என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண்கள் மூடியிருந்தன. சந்தோஷத்தில் லயித்துவிட்டான் என்று நினைத்து, தட்டிக்கொடுக்கலாம் என்று பக்கத்தில் போனேன்.

அன்பு தூங்கிக்கொண்டிருந்தான். விரல்கள் தாமாகவே, கறுப்பிலும் வெள்ளையிலும், வழி தவறாமல் போய்க்கொண்டிருந்தன. நான் எழுப்பவில்லை.