எனக்குத் தோணல

"மனசுல பட்டத பட்டுனு சொல்லிடுவேன்"னு யாராவது ஆரம்பிச்சா, இப்பவும் எனக்குச் சந்தேகம் வந்துடும். இன்னாத்துக்கு இந்த முன்னறிவிப்பு? சொல்ல வேண்டியதச் சொல்லிட்டுப் போயேன். இது என்னைப் பொண்ணு பாக்க வந்தவரு ஒட்ட வெச்சுட்டுப் போன வியாதி.

இட ஒதுக்கீடு கேட்டு மரத்த வெட்டி ரோட்டுல போட்ட சமயம். கச்சிராயபாளையத்துல எங்க வூடு. பஸ் ஓடல, யாரும் வரமாட்டாங்கன்னு அம்மா கேசரிக்கு ரவையக்கூட வறுக்கல. ரிஷிவந்தியத்துலேர்ந்து அவரு மட்டும் சைக்கிள் மிதிச்சே வந்து நின்னாரு. வெள்ளச் சட்டை பூரா மரச்செதில். சும்மா சொல்லக்கூடாது, ஆளு நல்லாவே இருந்தாரு.

சட்டையில ஏது செதில்னு அப்பா விசாரிச்சாரு. வர்ற வழியில ஒரு கூட்டம் புளியமரம் வெட்டிக்கினு இருந்துச்சாம், இவரும் கோடாலிய வாங்கி வெட்டினாராம். நீங்களும் போராட்டத்துல இருக்கீங்களான்னு கேட்டதுக்கு, அதெல்லாம் இல்ல மாமா, வெட்டணும்னு தோணுச்சு, வெட்டினேன்னாரு. அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

அடுத்ததையும் அவரே சொன்னாரு. மரம் சாஞ்ச கொஞ்ச நேரத்துல, கரியாலூர் மலையிலேர்ந்து எறங்கி வந்த ஒரு பொம்பள, காய்ச்சல்ல துவண்ட கொழந்தையோட வந்து நின்னாளாம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு அழுதாளாம். வெட்டினவங்களே பதறிப்போயி கொழந்தையத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் சேத்திருக்காங்க. இவரு சைக்கிள கொஞ்சம் குடுங்கன்னு கேட்டிருக்காங்க. இவரு தரல. வேற யாரோ ஏத்திக்கினு போனாங்களாம்.

"எனக்குப் பாவம்னு தோணல மாமா. தோணாதத தோணுதுன்னு நடிக்கச் சொல்றீங்களா?"

அப்பா அசந்துட்டாரு. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு இல்லாத பையன், இந்தக் காலத்துல இப்படி யாரு இருக்கான்னு அம்மாகிட்ட வந்து பூரிச்சாரு. அவரு பொய் சொல்லல, சரி. நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தா? அன்னிக்கு அவருக்குத் தோணணுமே. தோணலன்னா அதையும் இப்படியே சிரிச்சுக்கினு சொல்லுவாரு, இவங்களும் கேட்டுப் பூரிச்சுக்கினு இருப்பாங்க. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு.

அவரு கெளம்பினதும், பதில் இன்னிக்கே சொல்லியனுப்பணும், சம்மதமான்னு அப்பா கேட்டாரு. காரணம் சொன்னா எடுபடாதுன்னு எனக்குத் தெரியும். கொழந்ததான் ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சே, அப்புறம் இன்னாம்பாரு.

"எனக்குத் தோணலப்பா"ன்னேன்.

அப்பா இப்பதான் அந்த வார்த்தைய அவ்ளோ மெச்சிட்டு வந்திருக்காரு, என்கிட்ட மட்டும் எப்படிக் குத்தம் சொல்ல முடியும்? சம்பந்தம் அதோட நின்னுபோச்சு.

அன்னிக்கு எங்க வூட்டுல அவரு சொன்னது அத்தனையும் நெசம். நான் சொன்னது மட்டுந்தான் பொய். செதில் ஒட்டின அந்தச் சட்டையோட அவரு உள்ள வந்தப்பவே எனக்குத் தோணிடுச்சு.