வெருளிக்கு ஒரு வாய்

ஒக்டோபர் பாதி கழிந்தால் எங்கள் தெருவுக்கு எலும்புக்கூடுகள் குடிவந்துவிடும். மேல்மாடியில் இருக்கும் மதாம் லிஸ் தன் பல்கனியில் கதிரை போட்டு ஒன்றை இருத்தி, கழுத்தில் சால்வையும் சுற்றிவிடுவார். "அதுக்கும் குளிரும்தானே, மொஸ்யு" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். கடையில் வாங்கி வாசலில் மாட்டுகிற அளவுக்கு இந்த மனிதர்களுக்குப் பயம் தட்டுப்பாடாகிவிட்டதோ என்று மெற்றோவில் போகும்போது யோசிப்பேன். யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு என்னிடம் பிரெஞ்சும் இல்லை, துணிவும் இல்லை.

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போகும் ஹலோவீனுக்கு இம்முறை என் மகள் ஆரணி வெருளி வேஷம் கேட்டாள். தோட்டத்தில் காகம் விரட்ட நிறுத்துவோமே, அந்த வெருளி. அவளுக்கு ஒன்பது வயது. வீட்டுச் சாமானிலேயே செய்வோம் என்றேன். என் பழைய கட்டம் போட்ட சேர்ட்டை எடுத்தோம். அது பெரிதாக இருப்பதுதான் வசதி, குளிர் ஜக்கெற்றுக்கு மேலே போடலாம். முதல் வருடம் இது தெரியாமல் அளவெடுத்து வண்ணத்துப்பூச்சி உடுப்புத் தைத்து, அதன்மேல் ஜக்கெற்றைப் பூட்டி அனுப்பினோம். வண்ணத்துப்பூச்சியை ஒருவரும் காணவில்லை. மண்ணிறக் கடதாசிப் பைகளை வைக்கோல் போலக் கீலம் கீலமாக வெட்டி, கைமுட்டில் சணல் கயிற்றால் கட்டினோம். என் மனைவி சுகந்தி வெறும் பாஸ்மதிச் சாக்கொன்றைக் கொண்டுவந்து தந்தாள். தொப்பி செய்யலாம் என்று நினைத்தபடி தேநீர் ஊற்றக் குசினிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது ஆரணி சாக்கில் இரண்டு ஓட்டை வெட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். "வடிவா இருக்கோ?" என்று கேட்பதற்குப் பதிலாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

"கழட்டு! இப்பவே கழட்டு!"

நான் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. தேநீர் என் கையில் ஊற்றுப்பட்டிருந்தது.

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கும் நாட்களில் இளைஞர்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் கைகளை உயர்த்தச் சொல்லி வரிசையாக நிறுத்துவார்கள். கதிரையில் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, அதில் இரண்டு ஓட்டை. ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் அவனைத் தலையாட்டி என்போம். மேலும் கீழும் ஆட்டினால் அவன் முன்னால் நிற்கும் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். என் முறை வந்தபோது சாக்கு அசையாமல் நின்றது. பிறகு இல்லையென்று ஆடியது. எனக்குப் பின்னால் நின்றவனுக்கு மேலும் கீழும் ஆடியது. அவன் திரும்பி வரவில்லை. அந்தச் சாக்குக்குள் இருந்தவன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னை ஏன் விட்டான் என்றும் தெரியாது. அவனும் தப்பி இங்கே வந்திருக்கலாம். கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவராகவும் இருக்கலாம். பஸ்சில் எங்கள் ஆட்களைக் கண்டால் முதலில் கண்ணைப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது.

சுகந்தி ஓடிவந்து ஒருதரம் சாக்கையும் ஒருதரம் என்னையும் பார்த்தாள். சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அவளுக்கு என்னப்பா தெரியும்? வெருளி எண்டுதானே போட்டவள். கையைத் தண்ணிக்குள்ள பிடியுங்கோ."

ஆரணி சாக்கைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். "சரியாப் பயந்திட்டீங்களோ அப்பா?"

"ஓம்."

"வாய் இல்லாததாலயோ?"

அவளே யோசித்தாள். "வாய் இல்லாட்டி இனிப்புத் தாற ஆக்களுக்கு எப்பிடி மெர்சி சொல்லுறது? பொறுங்கோ, வெட்டுவம்."

கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள். சாக்குத் துணி தடிப்பு, சின்னக் கைக்கு வெட்டுப்படாது. நான்தான் வெட்டினேன். காது வரைக்கும் நீளமான ஒரு சிரிப்பு. வளைவு கோணலாகப் போய்விட்டது. "பல்லுக்கொதி வந்து வாய் கோணின வெருளி" என்றாள் சுகந்தி. ஆரணி கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

இருட்டுப்படும் நேரம் பக்கத்துப் பகுதியான வில்லரேப் பக்கம் இனிப்பு வாங்கப் போனோம். அங்கே வீடுகளுக்கு வெளியே வளைந்த இரும்புப் படிகள். அவள் ஒவ்வொன்றாக ஏறி, சாக்கின் வாயால் "பொன்பொன், சில் வு ப்ளே!" என்று பிரெஞ்சில் இனிப்புக் கேட்டுக் கத்தினாள். நான் கீழே நடைபாதையில் நின்றேன். ஒரு வீட்டில் வயதான மனிதர் ஒருவர் கதவைத் திறந்து, இனிப்பைப் போட்டுவிட்டு, என்னைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டார். உன் அப்பாவா என்றுதான் இருக்கவேண்டும்.

ஆரணி திரும்பினாள். இரண்டு ஓட்டையும் என்மேல் நின்றன. தலை மேலும் கீழும் ஆடியது.

என் கைகள் ஜக்கெற் பையிலிருந்து தாமாகவே வெளியே வந்து தோளுக்கு மேலே உயர்ந்தன. நான் கையசைக்கிறேன் என்று நினைத்து அந்த மனிதர் சந்தோஷமாகத் தன் கையை அசைத்தார். ஆரணியும் அசைத்தாள். இரண்டு கையும் உயர்த்தியபடியே நானும் மெல்ல அசைக்கத் தொடங்கினேன்.