மஞ்சள் துணி கட்டிய தேரைக் குட்டை

தொண்ணூறுகளின் நடுவில் நான் விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. மற்றவர்கள் கொசு, கரப்பான் என்று ஆய்வகத்திலேயே முடித்துக்கொண்டார்கள். நான்தான் வீம்புக்குத் தேரையைப் பிடித்துக்கொண்டேன். முட்டையிட்ட நாளிலிருந்து குஞ்சு கரையேறும் நாள்வரை எண்ண வேண்டும். அந்த ஐப்பசி மழையை விட்டால் பட்டம் இல்லை.

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயலோரம் ஒரு குட்டை. முதல் பெருமழை விட்ட காலையில் ஆண் தேரைகள் தொண்டையை ஊதிக்கொண்டு கத்திய கத்தல் இன்றும் காதில் இருக்கிறது. ஒரு பெண் தேரையின் முதுகில் மூன்று பேர் தொற்றியிருந்தார்கள். இன்னொருவர் என் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றார். தண்ணீருக்குள் கறுப்பு மணி கோத்த சரம்போல முட்டைகள். இடம் தெரிய நான்கு குச்சிகள் நட்டு, அம்மாவின் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துக் கட்டினேன். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குப் புத்தி எங்கே போயிற்றோ.

பத்தாம் நாள் காலையில் குட்டைத் தண்ணீரே மஞ்சளாக இருந்தது. குச்சிகளில் குங்குமம். தலைப்பிரட்டைகளில் பாதி வயிற்றைக் காட்டி மிதந்தன. பிசானப் பருவ நெல் நடவுக்கு வந்த ஒரு பெண் காலிச் சொம்போடு நின்றாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மஞ்சளைக் கரைத்து ஊற்றி என் படிப்பையே கெடுத்துவிட்டாய் என்று கத்தித் தீர்த்தேன்.

“மஞ்சத்துணி கட்டியிருந்துச்சு. யாரோ புள்ளைக்கு நேந்திருக்காவன்னு நெனச்சு, எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்,” என்றாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். “ஒரு உசுரு கேட்டு வந்து இத்தன உசுரக் கொன்னுட்டேனேம்மா.”

என் கோபம் அங்கேயே அடங்கிவிட்டது. கரையை வெட்டி மஞ்சள் தண்ணீரைப் பைய வடியவிட்டோம். வாய்க்காலிலிருந்து இருவரும் குடம் குடமாகச் சுமந்தோம். அவள் அன்று நடவுக்கே போகவில்லை. அதன்பின் தினமும் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பாள். பின்னங்கால் முளைத்ததை எனக்கு முன்னால் கண்டவள் அவள்தான்.

‘பத்தாம் நாள் நீர் மாற்றப்பட்டது’ என்று மட்டும் ஆய்வேட்டில் எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

முப்பத்து நான்காம் நாள் குஞ்சுகள் கரையேறின. ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதான். அவள் கரைச்சேற்றில் நின்றிருந்தாள். குஞ்சுகள் அவள் பாதத்தின்மேல் ஏறி இறங்கிப் போயின. களையெடுக்க நேரமாகிறது என்று வரப்பிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் காலை எடுக்கவில்லை.

“எல்லாம் போயிரட்டும்,” என்றாள்.